நாற்பத்தைந்தாம் வசனம்

1990 அக்டோபர் 29, திங்கள்

பேத்தி கெத்சிக்கு மேல்வரிசைப் பல் ஒன்று ஆடுகிறது. நாக்கால் தள்ளிக்கொண்டே இருக்கிறாள். பாக்தாத்திலிருந்து அவள் தாய் பெர்சிஸின் கடிதம் வந்தது. சுகமாக இருக்கிறாளாம்.

இந்த நோட்டை அவள்தான் வாங்கி வைத்துவிட்டுப் போனாள். "மாமி, பிள்ளைக்குப் பல்லு விழுந்தாலும் காய்ச்ச வந்தாலும் தேதி போட்டு எழுதி வையுங்க. நான் வந்து படிச்சிக்கிடுதேன்." மூன்றாம் வகுப்போடு நின்ற என்னிடம் சொல்ல வேண்டிய வேலைதானா இது? ஆனால் பிள்ளைக்காக எழுதுகிறேன். அவளுக்காக இல்லை.

நவம்பர் 4, ஞாயிறு

ஆராதனை முடிந்து வரும்போது கெத்சி கேட்டாள்.

"ஆச்சி, அம்மா லெட்டர்ல என்ன எழுதிருக்கா?"

"சுகமா இருக்காளாம்."

"அவ்வளவுதானா? எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"முத்தம்னு போட்டிருக்கா."

"காட்டுங்க, பாப்போம்."

"பத்திரமா வச்சிருக்கேன். பெறவு காட்டுதேன்."

எங்கே வைத்தேன் என்று எனக்குத் தெரியும். அங்கே யாரும் கை வைக்கமாட்டார்கள்.

ஆடு ஒன்று தீனி எடுக்கவில்லை.

நவம்பர் 14, புதன்

என் மகன் சற்குணம் இறந்து இன்றோடு நாலு வருஷம். அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தான். சிறுநீரகம் கெட்டுவிட்டது. பெர்சிஸ் அங்கேயே நர்ஸ். எட்டாம் தேதி எனக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டாள். அதன் ஒவ்வொரு எழுத்தும் இப்போதும் கண்முன் நிற்கிறது. "அவருக்குக் கொஞ்சம் முடியவில்லை. வசதிப்படும்போது வந்து பாருங்கள்." பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் கார்டு என் கைக்கு வந்தது. மறுநாள் முதல் பஸ்சைப் பிடித்து நான் போய் இறங்கியபோது மணி இரண்டு. அவன் காலை பத்துக்கே போய்விட்டான். முகத்தில் துணி போட்டிருந்தார்கள்.

"ஏன்டி ஒரு தந்தி அடிக்கல?" என்று அந்த வராந்தாவிலேயே கேட்டேன்.

"தந்தின்னா நீங்க பயந்து விழுந்துருவியன்னுதான் மாமி..."

தந்தி அடித்திருந்தால் ஒன்பதாம் தேதியே அவன் தலைமாட்டில் இருந்திருப்பேன். ஐந்து நாள். என் பிள்ளையோடு நான் இருக்க வேண்டிய ஐந்து நாளை அவள் எடுத்துக்கொண்டாள். இதை நான் யாரிடமும் சொல்லி அழவில்லை. மறக்கவும் இல்லை.

டிசம்பர் 11, செவ்வாய்

பெர்சிஸிடமிருந்து இன்னொரு கடிதம். சுகம்தான்.

கெத்சியின் பல் விழுந்தது. கூரைமேல் எறிந்துவிட்டு வந்து, "ஆச்சி, தேதி போட்டாச்சா?" என்று கேட்டாள். போட்டுவிட்டேன்.

1991 ஜனவரி 13, ஞாயிறு

பக்கத்து வீட்டு ராகேலம்மாள் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு ஊருக்கே தான்தான் வானொலி நிலையம் என்பதுபோல் நடக்கிறாள். செவ்வாய்க்கிழமைவரைதான் கெடுவாம். அதற்குள் ஈராக்காரன் குவைத்தை விட்டு இறங்காவிட்டால் வல்லரசுகள் எல்லாம் சேர்ந்து அடிக்குமாம்.

கோயில் வாசலில் எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்.

"ஏ ஞானப்பூ, ஒம் மருமவ இன்னும் அங்கனதான இருக்கா? எல்லாரும் தப்பிச்சி வாராவளாமே, அவளுக்கு மட்டும் என்ன?"

"வேலை இருக்கும். ஒனக்கு என்ன நோவுது?"

"எனக்கென்ன? பிள்ளைய நெனச்சிக் கேட்டேன்."

1958இல் என் கோழியைத் தன் கோழி என்று சாதித்தவள். பிள்ளையை நினைத்தாளாம்!

உபதேசியார் தேவஇரக்கம் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "பெர்சிஸம்மா வாரதுக்கு ஏதும் வழி எழுதிருக்காவளா? நான் எதும் செய்யணும்னா சொல்லுங்க." ஒன்றும் எழுதவில்லை என்றேன்.

வருகிற வெள்ளி முதல் ஞாயிறுவரை தீர்க்கதரிசனக் கூட்டமாம். ஏனோக்கு என்று ஒரு பிரசங்கியார் வருகிறார்.

ஜனவரி 17, வியாழன்

விடியுமுன்னே ராகேலம்மாள் சுவருக்கு மேலாகக் கத்தினாள். பாக்தாத்தில் குண்டு போட ஆரம்பித்துவிட்டார்கள்.

கெத்சி பள்ளிக்கூடம் போகவில்லை. ராகேலம்மாள் வீட்டில் போய் டிரான்சிஸ்டர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். பழையது கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பிடவில்லை.

ஆட்டுக்கு இலை ஒடித்தேன். தண்ணீர் எடுத்தேன். உலையில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன்.

ஜனவரி 18, வெள்ளி

கூட்டத்துக்கு ஏழெட்டு ஊர் ஜனங்கள் வந்திருந்தார்கள். பந்தல் கொள்ளவில்லை. குண்டு விழுந்த மறுநாள் கூட்டம் என்றால் வரத்தானே செய்வார்கள்?

பிரசங்கியார் ஏனோக்கு மேடையில் ஒரு பெரிய துணிப்படம் தொங்கவிட்டார். நேபுகாத்நேச்சார் ராஜா சொப்பனத்தில் கண்ட சிலை. பொன் தலை, வெள்ளி மார்பு, வெண்கல வயிறு, இரும்புக் கால், பாதத்தில் பாதி களிமண். பிரம்பால் ஒவ்வொன்றாய்த் தொட்டுக்காட்டி, எந்தெந்த ராஜ்யம் எப்படி விழுந்தது என்றார். பிறகு பிரம்பைத் தலைமேல் வைத்தார்.

"இந்தப் பொன் தலை யாரு? பாபிலோன். பாபிலோன் எங்க இருக்கு? இன்னைக்கு ரேடியோவுல கேட்டிய பாத்தியளா, அந்தத் தேசத்துலதான் இருக்கு! வேதத்துல எரேமியா அம்பத்தொண்ணாம் அதிகாரம் யாருக்காவது தெரியுமா?"

உபதேசியார்தான், "எங்க ஞானப்பூ அம்மாளுக்குத் தெரியும். புஸ்தகம் இல்லாமலே சொல்லுவாவ" என்று என்னைக் காட்டிவிட்டார்.

ஒன்பது வயதில் நூற்றுப்பத்தொன்பதாம் சங்கீதம் முழுவதும் ஒரு பிழையில்லாமல் ஒப்பித்தவள் நான். அன்றைக்குப் பரிசைப் பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா தன் ஆயாவின் மகளுக்குக் கொடுத்தாள். அவள் மூன்று இடத்தில் திக்கினாள். எந்த மூன்று என்று இப்போதும் சொல்வேன். அறுபது வருஷத்தில் என்னை மேடைக்கு ஒருவரும் கூப்பிட்டதில்லை. போனேன்.

மைக் முன்னால் நின்று அறுபத்துநாலு வசனமும் சொன்னேன். மதில்கள் இடிவது, நாணல் எரிவது, ராஜாவுக்கு எதிரே ஆளுக்குமேல் ஆள் ஓடிவந்து பட்டணம் பிடிபட்டது என்று சொல்வது, எல்லாம். ஒவ்வொரு வசனத்துக்கும் ஜனங்கள் "ஆமென்" என்றார்கள். என் குரல் ஒலிபெருக்கி வழியாகத் தேரிக்காட்டு மணல் முழுக்கக் கேட்டதாம்.

என் மனதில் ஒரு தெளிவு வந்தது. இது கர்த்தர் எப்போதோ எழுதி வைத்தது. மனுஷர் செய்வதற்கும் செய்யாததற்கும் இதில் என்ன இருக்கிறது?

கெத்சி பெண்கள் பாயில் முன்வரிசையில் இருந்தாள். அவள் மட்டும் ஆமென் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள்.

"ஆச்சி, பாபிலோன்ல ஆஸ்பத்திரி உண்டா?"

"அந்தக் காலத்துல ஏது ஆஸ்பத்திரி?"

"இப்ப உண்டுல்லா?"

ஜனவரி 19, சனி

இரண்டாம் நாள். மறுபடியும் என்னைச் சொல்லச் சொன்னார்கள். இன்றைக்குப் பிரசங்கியார் புத்தகத்தைத் திறந்து விரலை வைத்துக்கொண்டே கேட்டார். முடித்ததும் மைக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி சொன்னார்.

"அம்மா, ஒங்க ஞாபகம் எனக்கு வராது. ஆனா நாப்பத்தஞ்ச விட்டுட்டிய. நேத்தும் விட்டியளோன்னு ஒரு சந்தேகம்."

"விட்டிருக்க மாட்டேனே."

"நாப்பத்துநாலு சொன்னிய, நேரே நாப்பத்தாறுக்குப் போயிட்டிய. வயசாச்சில்லா, பரவால்ல."

வயசாச்சாம்! பந்தலுக்குப் பின்னால் போய் எனக்குள் சொல்லிப் பார்த்தேன். நாற்பத்துநாலு வருகிறது. நாற்பத்தாறு வருகிறது. நடுவில் சுவர் வைத்ததுபோல் இருக்கிறது. அறுபது வருஷத்தில் இப்படி ஆனதில்லை. தலையில் வெயில் அடித்ததாக இருக்கும்.

பிரசங்கியார் இன்னொன்றும் சொன்னார். அடிக்கிற வல்லரசு கர்த்தருடைய கைச் சம்மட்டியாம். வேலை முடிந்ததும் சம்மட்டியையும் அவரே உடைத்துப்போடுவாராம். அதற்கும் ஆமென் சொன்னார்கள். சம்மட்டிக்கும் கல்லுக்கும் நடுவில் அகப்பட்டவர்களுக்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

ஜனவரி 20, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மத்தியானம் நான் ஆட்டைக் கட்டிவிட்டு உள்ளே வந்தேன். கெத்சி பெட்டிமேல் இருந்த வேதப்புத்தகத்தை இறக்கித் தரையில் விரித்து வைத்திருந்தாள். அந்தப் புத்தகத்தை நான் படிக்கத் திறந்து பல வருஷம் ஆகிறது. அந்தப் பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாது, தேவையும் இல்லை. எல்லாம் உள்ளே இருக்கிறது. அதனால்தான் அது நல்ல இடம் என்று நினைத்தேன்.

"ஆச்சி, நாப்பத்தஞ்சாம் வசனத்த நான் கண்டுபிடிச்சித் தாரேன். இன்னைக்கு நீங்க விடக்கூடாது. அந்த ஆளு சிரிச்சிட்டாரு" என்றாள். அவள் மடியில் இரண்டு கடிதமும் கிடந்தன.

என்னைப் பார்க்கவில்லை. எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள்.

"அன்புள்ள மாமிக்கு. இங்கே ஒவ்வொருவராய்ப் புறப்படுகிறார்கள். எங்கள் பாஸ்போர்ட் ஆஸ்பத்திரி ஆபீசில் இருக்கிறது. வீட்டில் உயிர் போகிற நிலை என்று தந்தி வந்தால்தான் எடுத்துத் தருகிறார்கள். கூட இருந்த கோட்டயத்து அன்னம்மா அப்படித்தான் போனாள். உங்கள் பேரிலேயே ஒரு தந்தி அடியுங்கள். மாமியார் சீரியஸ், உடனே புறப்படு. இவ்வளவு போதும். பொய்தான் மாமி, கர்த்தர் மன்னிப்பார். நான் ஹாஸ்டலில் வளர்ந்தவள். எனக்காகத் தந்தி அடிக்க உங்களைத் தவிர யாரும் இல்லை. கெத்சிக்கு முத்தம்."

இரண்டாவது கடிதம் சின்னது. முதல் கடிதம் தபாலில் தவறிப்போனதோ என்று கேட்டு அதையே திரும்ப எழுதியிருந்தாள்.

படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஆச்சி, தந்தி அடிச்சியளா?"

"அடிச்சேன்" என்றேன்.

"ரெண்டு தடவையும்?"

"ரெண்டு தடவையும்."

"பெறவு ஏன் வரல?"

"வழியில நின்னிருக்கும்."

தலையை ஆட்டினாள். கடிதங்களை மடித்து அதே பக்கத்தில் வைத்து மூடினாள்.

பொய்ச்சாட்சி சொல்லக்கூடாது என்றுதான் நான் அடிக்கவில்லை. சாகாதவள் சாகிறேன் என்று என் வாயால் எப்படிச் சொல்வது? இப்படித்தான் இந்த மூன்று மாதமும் எனக்கு நானே சொல்லி வந்தேன். அது காரணம் இல்லை. எனக்கு ஒரு தந்தி அடிக்க மனம் வராதவள் என்னிடம் தந்தி கேட்கிறாளே என்றிருந்தது. அவளும் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும், காத்திருப்பது எப்படி இருக்கும் என்று தெரியட்டும் என்று நினைத்தேன். கொஞ்ச நாள் என்றுதான் நினைத்தேன். கிறிஸ்துமஸ் கழிந்து அடிக்கலாம், பொங்கல் கழிந்து அடிக்கலாம் என்றிருந்தேன். போகச் சோம்பவில்லை, மறக்கவும் இல்லை.

சாயங்காலம் கூட்டம். போகக்கூடாது என்றிருந்தேன். கெத்சி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மைக் முன்னால் நின்றேன். ஒன்றிலிருந்து நாற்பத்துநாலுவரை ஆறுபோல் வந்தது. கெத்சி முன்வரிசையில் இருந்து உதட்டை அசைத்து எனக்கு எடுத்துக்கொடுத்தாள். அப்போது சுவர் விழுந்தது. விழப்போகிற பட்டணத்தைப் பார்த்துச் சொல்வது இல்லை அந்த வசனம். அதற்குள்ளே இருக்கிற தம்முடைய ஜனங்களைப் பார்த்துக் கர்த்தர் சொல்வது. நடுவிலே நிற்காதீர்கள், வெளியே வந்துவிடுங்கள், அவனவன் உயிரைத் தப்புவித்துக்கொள்ளுங்கள் என்று. இடிப்பதற்கு முன்னால் அவரும்கூட ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கிறார்.

அதைச் சொன்னேன். நாற்பத்தாறு வரவில்லை.

"சொல்லுங்கம்மா" என்றார் பிரசங்கியார். முதல் வார்த்தையை எடுத்துக்கொடுத்தார். எனக்குத் தெரியாததா? நாற்பத்தைந்தையே மறுபடி சொன்னேன். மூன்றாம் தடவையும் அதுவே வந்தது. ஜனங்கள் அதற்கும் ஆமென் என்றார்கள். இறங்கி வந்து பாயில் உட்கார்ந்துகொண்டேன்.

"தண்ணி குடிக்கியளா ஆச்சி?" என்றாள் கெத்சி.

ஜனவரி 21, திங்கள்

முதல் பஸ்சில் டவுனுக்குப் போனேன். தபாலாபீஸ் திறக்கும் முன்னே வாசலில் இருந்தேன். தந்தி எழுதுகிறவர் கண்ணாடி போட்ட சின்ன வயசுக்காரர்.

"எந்த ஊருக்கு ஆச்சி?"

"பாக்தாத்து."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பேப்பர் பாக்கலையா? அங்க லைனே இல்ல. அடிச்சாலும் போய்ச் சேராது."

"நீங்க அடியுங்க."

"சொன்னா கேளுங்க. வீணாப் போவும்."

"அடியுங்கன்னு சொல்லுதேன்லா."

பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தார். "சேதி?"

"மாமியார் சீரியஸ். உடனே புறப்படு."

"மாமியாருக்கு என்ன செய்யுது?"

"நாந்தான் மாமியார்."

கண்ணாடிக்கு மேலாக என்னை ஏற இறங்கப் பார்த்தார். சிரிப்பதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. எழுதி, முத்திரை குத்தப்போனார்.

"தம்பி, தேதிய நவம்பர் ஒண்ணுன்னு குத்த முடியுமா?"

"என்னது?"

"ரசீதுல மட்டும் போதும். பிள்ளைக்கிட்ட காட்டணும்."

"அது முடியாது ஆச்சி. இந்த முத்திரை இன்னைக்குத் தேதியத்தான் குத்தும்."

குத்தினார். ரசீதை முந்தியில் முடிந்துகொண்டு வந்தேன். கெத்சியிடம் காட்டவில்லை.

பிப்ரவரி 13, புதன்

சாம்பல் புதன். உபவாசம். பாக்தாத்தில் ஜனங்கள் பதுங்கியிருந்த ஒரு கட்டடத்தில் குண்டு விழுந்து பெண்களும் பிள்ளைகளுமாக எரிந்துபோனார்கள் என்று டிரான்சிஸ்டரில் சொன்னதாக ராகேலம்மாள் வந்து சொன்னாள். கத்திச் சொல்லவில்லை. வாசலில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கோழியைப் பற்றி நான் நினைக்கவில்லை.

மார்ச் 1, வெள்ளி

சண்டை நின்றுவிட்டது. கெத்சி, அம்மா வந்தால் படுக்க என்று பாயைத் தட்டி வெயிலில் போட்டாள்.

மார்ச் 9, சனி

தந்தி வந்தது.

என் பேருக்கு வந்த முதல் தந்தி. சைக்கிளில் வந்தவர் "ஞானப்பூ அம்மாள் யாரு?" என்று கேட்டபோதே தெருவில் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். இங்கிலீஷில் இருந்தது. உபதேசியார் வாங்கிப் படித்தார். படித்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்க. நான் பயந்து விழ மாட்டேன்" என்றேன்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி. நர்சுகள் தங்கியிருந்த கட்டடம். அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்கள்.

கெத்சி என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. உபதேசியார் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 10, ஞாயிறு

பெர்சிஸ், நீ வந்து படிப்பதாகச் சொன்ன நோட்டு இது.

பிள்ளைக்கு விழுந்த இடத்தில் பல் முளைத்துவிட்டது. கொஞ்சம் கோணல். காய்ச்சல் வரவில்லை. ஒரு தடவை நெஞ்சுச்சளி, தானாகவே சரியாகிவிட்டது. சன்னல் கம்பி உயரத்துக்கு வந்திருக்கிறாள். நீ கேட்டது இவ்வளவுதான்.

கேட்காததையும் எழுதிவிட்டேன். உன் இரண்டு கடிதத்தையும் முந்தியில் முடிந்திருந்த ரசீதையும் இந்த நோட்டில் குண்டூசி குத்தி வைத்தேன். அடுப்பில் போட்டிருக்கலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் வல்லரசுகளின் கணக்கை எல்லாம் மைக்கில் சொன்னவள் என் கணக்கை மறைத்து என்ன செய்ய?

மத்தியானம் நோட்டைக் கெத்சி கையில் கொடுத்தேன். பெரியவளானதும் கொடுக்கலாம் என்று ஒரு மனம் சொன்னது. அப்படித்தான் கிறிஸ்துமஸ் கழியட்டும், பொங்கல் கழியட்டும் என்றும் சொன்னது.

என் எழுத்து அவளுக்குப் பழக்கம்தான். முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தாள். ரசீதைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைப் பார்த்தாள். பிறகு சிலேட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். முதல் கடிதம் வந்த பிறகு அக்டோபரில் இரண்டு, நவம்பரில் முப்பது, டிசம்பரில் முப்பத்தொன்று என்று விரலை மடக்கி எழுதினாள். ஜனவரியில் இருபத்தொன்று. கோடு போட்டுக் கூட்டினாள்.

"எம்பத்துநாலு நாளு" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சருக்கு விடை சொல்வதுபோலச் சொன்னாள். நான் மறுபடியும் கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறாள். பாயை என் பாயிலிருந்து தள்ளிச் சுவரோரம் போட்டுக்கொண்டாள்.

அவளுக்கு உன் கண், என் மகனுடைய நிறம். ஞாபகம் மட்டும் என்னுடையது. எதையும் மறக்கமாட்டாள்.